பார்வை பட்ட இடம்

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதை நன்றாகச் சாத்தி, நடுவில் தொங்கும் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு, பிறகுதான் இரண்டாவது கதவைத் தொட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்த பெரிய டாக்டர் தலையைக்கூடத் திருப்பாமல் கத்தினார்.

"கதவைச் சாத்தும்மா! வெளிச்சத்தை அள்ளிக் கொண்டாந்து உள்ள கொட்டறியே!"

இதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. அப்போது மணி காலை பத்தரை. பேய் என்றால் நடுராத்திரி, ஊளையிடும் நாய், மல்லிகை வாசம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது எல்லாம் பட்டப்பகலில், ஆபீஸ் நேரத்தில், ஸ்பிரிட்டும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த நாற்றத்தில்.

ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் கடைசி அறை அது. ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, மேசையின் கால் எல்லாமே கறுப்பு. மூலையில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று. மைக்ராஸ்கோப் அதிராமல் இருக்க அதன் மேசைக்கு அடியில் காற்றுப் பைகள் வைத்திருந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவை நீளமாக ஒரு மூச்சு விடும். முதல் வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

என் வேலை, உயிரோடு இருக்கும் செல்களைப் படம் எடுப்பது. செல் என்றதும் என் மாமியார் போன் என்று நினைத்துக்கொண்டு, தன்னுடையதில் சத்தம் சரியாக வரவில்லை என்று கொடுத்தனுப்பினார். நான் சொல்வது உடம்பில் இருக்கிற செல். கண்ணாடித் தட்டில் கொஞ்சம் வளர்த்து, அதற்கு ஒரு சாயம் ஏற்றுவோம். நீல வெளிச்சம் பட்டால் சாயம் பச்சையாக ஒளிரும், செல் கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. வெளிச்சம் பட்டால்தான் ஒளிரும், பட்டுக்கொண்டே இருந்தால் மங்கிவிடும். பார்க்கப் பார்க்கத் தேயும். ஒரே இடத்தை அதிக நேரம் பார்த்துவிட்டுச் சற்று விலகிப் பாருங்கள், பார்த்த இடம் மட்டும் கறுப்புத் திட்டாக நிற்கும். மங்கின செல் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும். தின்னும், நகரும், பக்கத்துச் செல்லோடு இடித்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

"எட்டு மணி நேரம் ஓடற படம் வேணும்," என்றார் பெரிய டாக்டர். "மருந்து போட்டதுலேருந்து செல் ரெண்டாப் பிரியற வரைக்கும். நாப்பது நிமிஷத்துல மங்கிப்போற குப்பையை என்கிட்ட காட்டாதே. முந்தி இருந்தவளும் பத்தொம்பது வருஷம் இதைத்தான் பண்ணிட்டிருந்தா. உனக்கு ரெண்டு மாசம். முடியலேன்னா வாசல் அந்தப் பக்கம்."

வாசல் எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியும். அதைத் தாண்ட என்னால் முடியாது, அதுதான் விஷயம். கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும்தான். வாலு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள். இந்த வேலை நாலு மணிக்கு முடியும், அவள் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. நாலே காலுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம் என்பதற்காகவே இந்த முறைப்புக்காரனிடம் வந்து சேர்ந்தேன். எனக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சொத்து அவள்.

சரி என்று வேலையில் இறங்கினேன். நான் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. விளக்கை நூறிலிருந்து ஐந்துக்கு இறக்கினேன். படம் எடுக்காத நேரத்தில், வெளிச்சத்தை மறிக்கும் ஷட்டரை மூடிவைத்தேன். வினாடிக்கு ஒன்று என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்ததை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக்கினேன். எடுக்கப் போகும் இடத்தைத் தேட நீல வெளிச்சத்தைத் தொடவே இல்லை. சாதாரண விளக்கில் தேடி, பக்கத்துச் செல்லில் கூர்மை பார்த்துக்கொண்டு, பிறகு நகர்ந்தேன். செல் நனைந்திருக்கும் திரவத்தில் ஒரு பொடியும் கரைத்தேன். வெளிச்சம் கிளப்பிவிடும் சேதத்தையெல்லாம் அந்தப் பொடி தன் மேல் வாங்கிக்கொண்டு தான் அழியும், சாயம் பிழைத்துக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால், குறைவாகப் பார், குறைந்த நேரம் பார், அடி வாங்க வேறு ஆளை நிறுத்து.

நாற்பது நிமிடம் மூன்று மணி நேரமானது. அதற்கு மேல் நகரவே இல்லை.

ஒருநாள் தட்டைச் சின்ன லென்ஸுக்கு மாற்றி மொத்தமாகப் பார்த்தேன். பச்சைப் புல்வெளி மாதிரி செல்கள். நடுவில் நான் படம் எடுத்த இடத்தில் ஒரு திட்டு. அது நான் எதிர்பார்த்ததுதான்.

ஆனால் அதைச் சுற்றி இன்னும் முப்பதுக்கு மேல் திட்டுகள் இருந்தன.

விளக்குக்கு முன்னால் எட்டு இதழ்கள் கொண்ட ஒரு திறப்பு உண்டு. அதனால் வெளிச்சம் எட்டு மூலையாக விழும். எங்கள் மெஷினில் ஓர் இதழ் வளைந்திருந்ததால் ஒரு மூலை மட்டும் உடைந்த பல் மாதிரி இருக்கும். எல்லாத் திட்டிலும் அதே உடைந்த மூலை. அத்தனையும் இந்த லென்ஸ் வழியாக யாரோ ஆற அமர உட்கார்ந்து பார்த்த இடங்கள். நான் அங்கெல்லாம் போகவே இல்லை. அறைச் சாவியோ என் இடுப்பில்.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பார்த்தேன். என் கணக்குப்படி ஆறு. மீட்டரில் நாற்பத்தொன்று.

ரிப்பேருக்கு வருபவரை எல்லாரும் லென்ஸ் அண்ணன் என்பார்கள். வந்தார். திருகுகளைத் தொட்டார், ஷட்டரைத் தட்டினார், மீட்டரை எழுதிக்கொண்டார். பார்க்கிற குழாயான ஐப்பீஸில் மட்டும் கண்ணை வைக்கவே இல்லை.

"கோளாறு ஒண்ணுமில்ல தங்கச்சி."

"அப்ப நாப்பத்தொரு மணி நேரம் யாருண்ணே பார்த்தது? உங்க லென்ஸா தானாப் பார்த்துக்குது?"

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு, "வேலை முடிஞ்சா ஐப்பீஸ்ல மூடியைப் போட்டுடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன மனுஷன் இவர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எனக்கு ஒரு பழக்கம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சாப்பிடவோ கழிப்பறைக்கோ போனால், மெஷினைத் தட்டி, "கொஞ்சம் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போவேன். பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது போலத்தான். இருபது வருஷமாக எல்லா மெஷினிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நம் பாஷையில் பார்ப்பதற்கும் காப்பாற்றுவதற்கும் ஒரே வார்த்தை என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து மதியமே விட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வாலுவை அறைக்குக் கூட்டி வந்தேன். இருட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே குஷி.

"அம்மா, இங்க ஒளிஞ்சு விளையாடினா யாருமே கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

"எதையும் தொடாதே. தொட்டே, கையை ஒடச்சு அடுப்புல வெச்சுடுவேன்."

"ஒடச்சுட்டா அப்புறம் ஹோம்வொர்க் நீதான் எழுதணும்."

அந்த நேரம் பார்த்து மேலே இருந்து போன். பெரிய டாக்டர் உடனே வரச் சொன்னாராம். படம் ஓடிக்கொண்டிருந்தது. வாலுவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். போகிற அவசரத்தில் மெஷினைத் தட்டினேன்.

"கொஞ்சம் பாத்துக்கோ."

"பாத்துக்கிறேன்."

மெதுவான, தொண்டை கட்டின குரல். வாலு பெரிய மனுஷி மாதிரி குரலை மாற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரையை விலக்கிப் போனேன். நான் அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மேலே நாற்பது நிமிடம் திட்டு வாங்கினேன். திரும்பி வந்து இரண்டாவது கதவைத் திறந்தேன்.

அறை நீலமாக இருந்தது.

ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. விளக்கு நூறில். தட்டு பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. தட்டு இருக்க வேண்டிய மேடையில், லென்ஸுக்கு நேர் மேலே, என் மகளின் மணிக்கட்டு. அவள் அசையவில்லை. பேசவும் இல்லை.

ஐப்பீஸுக்கு முன்னால் இருந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பது போல் அமுங்கியிருந்தது.

நான் பாய்ந்து அவளை இழுத்தேன். மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

"யாருடி உன்னை இங்க கையை வைக்கச் சொன்னது?"

"உள்ள இருந்தாங்களே, அவங்கதான். கையை வெச்சுக்கோ, ஆடாதே, முழுசாப் பாக்கணும்னாங்க." பிறகு ஏதோ நான் மறந்துவிட்டது போல் சொன்னாள். "நீதானேம்மா அவங்களைப் பாத்துக்கச் சொன்னே?"

மறுநாள் காலை அவள் மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு தடம் வந்திருந்தது. எட்டு மூலை. ஒரு மூலை உடைந்திருந்தது.

அதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. தோல் டாக்டர் சத்துக் குறைவு என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு முடிவதற்குள் கழுத்தில் ஒன்று, முழங்காலில் ஒன்று, தலையில் ஒரு கொத்து முடி அப்படியே வெள்ளை. எல்லாம் வீட்டில், வெளிச்சத்தில், என் கண் முன்னால் வந்தவை. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, அவங்க பாக்கறாங்க," என்றாள். ஐந்து நிமிடம் கழித்துக் கன்னத்தில் நிறம் இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டே வந்தாள்.

"மிஸ் என்னைக் கூப்பிடவே இல்லம்மா. நான் எழுந்து நின்னேன், கத்தினேன். அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுட்டாங்க. பக்கத்து பெஞ்சுக்காரி வந்து என் மேலயே உக்காந்துட்டா."

"விளையாட்டுக்குப் பண்ணியிருப்பா."

"இல்லம்மா. அவளுக்கு நான் தெரியல."

வீட்டுக்குப் போனதும் எல்லாத் திரையையும் இழுத்துவிட்டேன். பல்புகளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு பல்பு ஒன்றே ஒன்று மாட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். தட்டில் இருந்த செல்களுக்கு என்னென்ன செய்தேனோ அத்தனையும் பெற்ற பிள்ளைக்குச் செய்தேன். அதற்குள் மணிக்கு ஒன்றாக வரத் தொடங்கியிருந்த தடம் நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது. நிற்கவில்லை.

லென்ஸ் அண்ணனுக்குப் போன் பண்ணி, வாயில் வந்தபடி திட்டினேன். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"முந்தி இருந்த அம்மா அந்த நாற்காலியிலேயே போய்ட்டாங்க தங்கச்சி. மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

"மூணு நாளா யாரும் உள்ள போகலையா?"

"போனாங்களே. அப்ப பக்கத்துல இன்னொரு மெஷின் இருந்துச்சு. வந்தாங்க, அதுல வேலை பார்த்தாங்க, போனாங்க. உங்க பெரிய டாக்டர் அந்த நாற்காலிக்குப் பின்னாடி நின்னு, இன்னும் எவ்வளவு நேரம்னு சத்தம் போட்டுட்டுப் போயிருக்கார். யாருமே அவங்களைப் பாக்கலை."

"அதுக்கு என் பொண்ணு என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை. அவங்களுக்கு ஒரு உசிரை முழுசாப் பாக்கணும். எதைப் பார்த்தாலும் பாதியில மங்கிப்போகுது. அதுல ஒரு வெறி." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீ ஏதாவது வார்த்தை கொடுத்தியா தங்கச்சி?"

போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, வாலுவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த அறைக்குப் போனேன். அன்று புதுத் தட்டு வைத்து எட்டு மணி நேரப் படம் எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தட்டை வைத்தேன், எல்லாவற்றையும் பொருத்தினேன், படத்தை ஓடவிட்டேன். பிறகு பக்கத்தில் சும்மா கிடந்த பழைய விளக்கை எடுத்து, நாற்காலிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதை என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டேன். பொடி அடி வாங்கும், சாயம் பிழைக்கும். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வித்தைதான்.

"அவளை விடு," என்றேன். "உனக்குப் பாக்கணும், அவ்வளவுதானே? என்னைப் பாரு. முழுசாப் பாரு. அவ சின்னப் புள்ள."

மேசை மூச்சு விட்டது. ஆனால் அந்தச் சத்தம் மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை.

நாற்காலியின் மெத்தை அமுங்கியது.

என் முன்னால் இருந்த விளக்கை நான் போடவில்லை. அதுவாகவே எரிந்தது.

அடிப்பார்கள், கழுத்தை நெரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. வெறும் பார்வை. நெற்றியில் ஜில்லென்று ஆரம்பித்து, புருவம், மூக்கு, வாய் என்று ஒவ்வோர் இடமாக நின்று நிதானித்து இறங்கியது. அதில் ஒரு துளி இரக்கம் இல்லை. கசாப்புக்கடையில் தொங்குவதைப் பார்ப்பது போலப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் மெஷினின் ஷட்டர் டக் என்று அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாலுவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். கணினியில் படத்தை ஓட்டிப் பார்த்தார். எட்டு மணி நேரம், கடைசிவரை பச்சைப் பசேலென்று, ஒரு திட்டுகூட இல்லாமல். செல் அழகாக இரண்டாகப் பிரிந்தது.

"அடி சக்கை!" என்று தொடையைத் தட்டினார். பிறகு போனை எடுத்து யாரிடமோ சொன்னார், "நானே முடிச்சுட்டேன்யா. இங்க ஒரு பொம்பளை இருந்தா, அவ எங்க போய்த் தொலஞ்சாளோ தெரியல."

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். "இங்கதான் சார் இருக்கேன்," என்றேன். அவர் என்னை இடித்துக்கொண்டு வெளியே போய், கதவைப் பூட்டினார். என்னிடமும் ஒரு சாவி இருந்ததால் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அவர் எப்படிப் போனால் என்ன? நான் வீட்டுக்கு ஓடினேன். வாலு கூடத்தில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். புதுத் தடம் எதுவும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கன்னத்தில் நிறம் திரும்ப ஆரம்பித்தது, பக்கத்துத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து வந்து மூடுவது போல. நான் திரைகளைக் கிழித்துப் போட்டேன். பழைய பல்புகளை எல்லாம் மாட்டினேன். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், அத்தனை சந்தோஷம்.

பள்ளிக்கூடத்தில் மிஸ் அவளைக் கூப்பிட்டார். பெஞ்சுக்காரி தோள் மேல் கை போட்டுக்கொண்டாள். வாலு மறுபடியும் பல் தேய்க்கும்போது பேச ஆரம்பித்தாள்.

என் முகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கடைக்காரர் எனக்குப் பின்னால் நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார், சரி. பஸ்ஸில் என் மடியில் ஒருவர் பையை வைத்தார், சரி, எடுத்துக் கீழே வைத்தேன். பொடி என்றால் கரையத்தான் வேண்டும். என் பிள்ளை நன்றாக இருக்கிறாள், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்று இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் மெதுவா இழுங்க," என்றாள்.

சீப்பு என் கையிலேயே நின்றது.

பிறந்து பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள். போ, வா, சோறு போடு, உனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. இழுங்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"என்னடி புதுசா மரியாதை?" என்று சிரிக்கப் பார்த்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கூச்சமாகச் சிரித்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். போனைப் பிடித்திருந்தவள் நான். வாலு என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஏய் வாலு, இளைச்சுட்டியே! அம்மாகிட்ட போனைக் குடு."

"நான்தாங்க பேசறேன்," என்றேன். "என்னைத் தெரியலையா? இங்க பாருங்க. இங்கதான் இருக்கேன்."

"என்னடா, ஏதோ கரகரன்னு கேக்குது. லைன் சரியில்ல. அம்மாவைக் கூப்பிடு."

வாலு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இருங்கப்பா," என்று எழுந்து உள்ளே போனாள். உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் சிரித்தாள். போனில் அவர் சிரித்தார். அவர் யாரிடமோ, "நல்லா இருக்கியா? குரல் ஏன் கட்டியிருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார்.

பதில் வந்தது. சத்தம் தாழ்வாக இருந்ததால் என்ன சொன்னது என்று கேட்கவில்லை.

நான் எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே கும்மிருட்டு. நான் கிழித்துப் போட்ட திரைகளை யாரோ தைத்து மாட்டியிருந்தார்கள். ஸ்பிரிட் நாற்றம் மூக்கைத் தாக்கியது. கை தடவி ஸ்விட்சைப் போட்டேன்.

வாலு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாருடைய மடியிலோ சாய்ந்திருப்பது போல அவள் தலை காற்றில் சாய்ந்து நின்றது. அவளுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியிருந்தது. பாதி பின்னின அவளுடைய சடை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு புரி மேல் இன்னொரு புரி விழுந்து தானாகப் பின்னிக்கொண்டது.

"கண்ணு," என்றேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அம்மா இங்க இருக்கேன்டா. வா, என்கிட்ட வா."

அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். கெட்ட பிள்ளை இல்லை அவள், யாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவாள்.

"ஆன்ட்டி, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடறீங்களா?" என்றாள். "அம்மாவுக்குக் கண்ணு கூசுது."